மருந்து வந்த வழி – 12: அரை டாலர் தடுப்பூசி

சென்ற இதழில் பெரியம்மை ஒழிந்த வரலாற்றைப் பார்த்தோம். பெரியம்மைத் தடுப்பு மருந்தைப் போட உதவிய இரட்டை முனை ஊசியின் உரிமம் வையத் நிறுவனத்திடம் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்திடம் அது அதற்குக் காசு கேட்கவில்லை. அந்த விட்டுக்கொடுத்தல் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதும் நமக்குத் தெரியும்.

இந்த இதழில் ஆப்பிரிக்காவுக்குப் போகிறோம். இந்த வரலாற்றில் பணம் ஓர் அமெரிக்க அறக்கட்டளையுடையது. தொழில்நுட்பம் அமெரிக்க அரசின் ஆய்வகத்தில் பிறந்தது. மூலப்பொருள் நெதர்லாந்திலும் மருந்து புனேயிலும் தயாராயின. ஆனால் மருந்தின் விலையைச் சொன்னவர்கள் ஆப்பிரிக்கர்கள். அவர்கள் சொன்ன விலையிலிருந்துதான் மற்ற எல்லாமே தொடங்கின. அதனாலேயே இந்த வரலாறு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

காற்றோடு வரும் காய்ச்சல்

சகாரா பாலைவனத்துக்குக் கீழே, மேற்கே செனகலில் தொடங்கி கிழக்கே எத்தியோப்பியா வரை நீளும் நிலப்பரப்புக்கு 1963இல் ஒரு பெயர் கிடைத்தது. லியோன் லப்பேசோனி என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அதை ‘மெனிஞ்சைடிஸ் பட்டை’ என்று அழைத்தார். இன்றைய கணக்கில் 26 நாடுகள் அந்தப் பட்டைக்குள் வருகின்றன.

மெனிஞ்சைடிஸ் என்பது மூளையுறைக் காய்ச்சல். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் உறையைக் கிருமி தாக்கும் நோய். டிசம்பரிலிருந்து ஜூன் வரை அந்தப் பட்டையில் மழை கிடையாது. ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று பாலைவனத் தூசியை அள்ளிக்கொண்டு வரும். தொண்டையின் ஈரம் வற்றும், உள்தோல் புண்ணாகும். நைசீரியா மெனிஞ்சைடிடிஸ் என்ற பாக்டீரியா நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கக்கூடியது. புண்ணான தொண்டை வழியாக அது இரத்தத்துக்குள் இறங்குகிறது என்பதே மருத்துவர்கள் தரும் விளக்கம். மழை தொடங்கினால் கொள்ளைநோய் அடங்கிவிடும். அடுத்த வறண்ட பருவத்தில் மறுபடி தலைதூக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாடுகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

நோய் வரும் வேகம் பயங்கரமானது. தலைவலியும் காய்ச்சலுமாகத் தொடங்கும். சில மணி நேரத்தில் கழுத்து விறைத்துவிடும். தாய் குழந்தையின் தலையை முன்பக்கம் சாய்க்கப் பார்த்தால் வளையாது. வெளிச்சம் பட்டாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடுக்கில் ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான உடலில் அது தெளிவாகச் சொட்டும். கலங்கலாகச் சொட்டினால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க மாட்டார்கள். எண்ணெயில் கலந்த குளோரம்ஃபெனிகாலை அப்போதே தசையில் போட்டுவிடுவார்கள். ஒரு ஊசி போட்டால் மருந்து உடலில் நாட்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வந்து குவியும் இடத்தில், தினமும் நான்கு வேளை மருந்து கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், அந்த ஒற்றை ஊசிதான் பல ஆண்டுகள் கைகொடுத்தது.

சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் இறந்துபோனார். பிழைத்தவர்களிலும் பத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்குக் காது கேட்காமல் போனது, வலிப்பு வந்தது, மூளை பாதித்தது. காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி இல்லாத ஊரில் ஒரு பிள்ளைக்குக் காது போய்விட்டால் படிப்பும் அதோடு போயிற்று. புர்கினா ஃபாசோவில் இந்த நோய்க்குச் சிகிச்சை இலவசம். இருந்தும் ஒரு நோயாளிக்காகக் குடும்பம் தன் கையிலிருந்து சுமார் 90 டாலர் செலவழித்தது என்று ஆய்வு சொன்னது. அது அங்கே மூன்று நான்கு மாத வருமானம். விதை வாங்க வைத்திருந்த பணமும் விற்க வளர்த்த ஆடும் இப்படித்தான் கரைந்தன.

1996இலும் 1997இலும் பட்டை முழுவதும் நோய் பரவியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் தாக்கியது. 25,000 பேர் இறந்தார்கள். அதுவரை பதிவானவற்றில் இதுவே மிகப் பெரிய மூளையுறைக் காய்ச்சல் கொள்ளைநோய். நைஜீரியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நோயில் படுத்தார்கள்.

நோய் வந்த பிறகு போடும் ஊசி

அப்போது தடுப்பூசியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வகத்தில் எமில் காட்ஷ்லிக்கும் அவருடைய சகாக்களும் அதற்கு வழி கண்டிருந்தார்கள். இந்தப் பாக்டீரியாவுக்கு மேலே சர்க்கரை மூலக்கூறுகளாலான ஓர் உறை உண்டு. அந்த உறையைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால் உடல் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்.

ஆனால் அந்த ஊசிக்கு மூன்று குறைகள். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யாது. பெரியவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் சில ஆண்டுகளே நிற்கும். ஊசி போட்டுக்கொண்டவருக்கு நோய் வராவிட்டாலும் அவர் தொண்டையில் கிருமி தங்கி அடுத்தவருக்குப் பரவிக்கொண்டிருக்கும். எனவே முன்கூட்டியே எல்லோருக்கும் போட்டுவைக்க வழியில்லை. ஒரு மாவட்டத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே தடுப்பூசி கேட்டு ஆளனுப்புவார்கள். மருந்து விமானத்தில் வந்து, லாரியில் ஏறி, கிராமத்தை அடைவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். பல இடங்களில் ஊசியும் மழையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

இந்தக் குறைகளைத் தீர்க்கும் அறிவு உலகத்திடம் ஏற்கெனவே இருந்தது. 1929இலேயே நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபலும் அடிப்படையைக் கண்டுபிடித்திருந்தார்கள். சர்க்கரை உறையைத் தனியாகக் காட்டினால் உடல் அலட்சியமாக விட்டுவிடும். அதை ஒரு புரதத்தோடு பிணைத்துக் காட்டினால் கவனித்து நினைவில் வைத்துக்கொள்ளும். முன்பின் தெரியாத ஒருவர், வீட்டாருக்கு நன்கு பழகிய ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது போல. இதற்கு இணைப்புத் தடுப்பூசி என்று பெயர். 1987இல் ஹிப் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நைசீரியாவுக்கு உறையின் வேறுபாட்டால் பல வகைகள் உண்டு. 1999 நவம்பரில் பிரிட்டன் அதில் ‘சி’ வகை தரும் மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசியைத் தன் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. நோய் சரிந்தது.

ஆப்பிரிக்கப் பட்டையில் கொள்ளைநோயாக வந்ததோ பெரும்பாலும் ‘ஏ’ வகை. பணக்கார நாடுகளில் அது அரிது. ஆகவே ‘ஏ’ வகைக்கான ஊசியை விலை கொடுத்து வாங்க ஆளில்லை என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டன. 1990களில் ‘ஏ’, ‘சி’ இரண்டுக்குமான இணைப்புத் தடுப்பூசி ஒன்று காம்பியாவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கப்பட்டது. அது சந்தை வரை வரவில்லை. செய்முறை தெரிந்திருந்தது, தேவை கண்ணெதிரே இருந்தது, வாங்குபவரின் பையில் மட்டும் பணம் இல்லை.

விலை சொன்ன அமைச்சர்கள்

1996-97க்குப் பிறகு ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதாரத் தலைவர்கள் உலக சுகாதார நிறுவனத்திடம் நல்ல தடுப்பூசி வேண்டும் என்று அழுத்திக் கேட்டார்கள். 2001 ஜூனில் பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. சியாட்டிலைச் சேர்ந்த ‘பாத்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக ‘மெனிஞ்சைடிஸ் தடுப்பூசித் திட்டம்’ என்பதைத் தொடங்கின. மார்க் லஃபோர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதற்கு இயக்குநரானார்.

லஃபோர்ஸ் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பட்டையில் உள்ள நாடுகளுக்குப் போய் அமைச்சர்களையும் சுகாதார அதிகாரிகளையும் பார்த்துப் பேசியது. என்ன விலை என்றால் உங்களால் வாங்க முடியும் என்பது கேள்வி. 50 சென்ட்டுக்கு மேல் போனால் முடியாது என்பது பதில். வாங்க முடியாத விலையில் ஒரு நல்ல தடுப்பூசி வருவது, தடுப்பூசி இல்லாததைவிடக் கொடுமை என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார். இருக்கிறது என்று தெரிந்த பிறகு மக்களுக்குப் போட முடியாமல் நிற்கும் அமைச்சரின் நிலையை நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் வலி புரியும்.

அரை டாலர் என்ற வரம்பு எவ்வளவு நியாயமானது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். நோயை நிறுத்த வேண்டுமானால் 1 வயது முதல் 29 வயது வரை உள்ள எல்லோருக்கும் ஒரே வீச்சில் போட வேண்டும். புர்கினா ஃபாசோவில் அந்த வயதில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள். அரை டாலர் வீதம் என்றால் மருந்துக்கு மட்டும் 50 லட்சம் டாலருக்கு மேல். ஊசிக்கு 10 டாலர் என்றால் பத்துக் கோடி டாலரைத் தாண்டும். முதல் தொகையை ஏழை நாடு ஒன்று உதவியோடு புரட்டிவிடலாம். இரண்டாவது தொகையைக் கேட்டால் கோப்பை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

மருந்தைச் செய்து முடித்து, செலவைக் கூட்டி, லாபம் சேர்த்து, கடைசியில் விலையை ஒட்டுவதே தொழிலின் வழக்கம். இங்கே விலை முதலில் எழுதப்பட்டது. அந்த விலைக்குள் எதையெல்லாம் அடக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். பெரிய நிறுவனங்களோடு நடந்த பேச்சு கைகூடவில்லை. அவர்களுடைய ஆலைகளில் இடம் குறைவு, லாபம் தரும் வேறு தடுப்பூசிகள் வரிசையில் நின்றன.

அப்போது திட்டக்காரர்கள் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள். முழு மருந்தையும் செய்து தர ஒரே நிறுவனத்தைத் தேடுவதை விட்டார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்து, அறிவை வாங்கிச் சேர்த்து, வளரும் நாடு ஒன்றின் தொழிற்சாலையில் மருந்தை உருவாக்குவது என்று இறங்கினார்கள்.

மூன்று கண்டங்களின் வேலை

‘ஏ’ வகைக் கிருமியின் சர்க்கரை உறையைத் தூய்மையாகப் பிரித்துக் கொடுக்க ஆம்ஸ்டர்டாமின் சின்கோ நிறுவனம் ஒப்புக்கொண்டது. உறையையும் புரதத்தையும் பிணைக்கும் முறை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே கார்ல் ஃபிராஷும் ராபர்ட் லீயும் ஒரு புதிய பிணைப்பு முறையை உருவாக்கியிருந்தார்கள். பழைய முறைகளைவிட அதில் பிணைந்து கிடைக்கும் அளவு அதிகம், வீணாவது குறைவு. அந்த வேறுபாடு நேரடியாக விலையில் தெரியும். மக்கள் வரிப்பணத்தில் பிறந்த அந்த முறையைப் பயன்படுத்தும் உரிமம் திட்டத்துக்குக் கிடைத்தது.

தொழிற்சாலையாக அமைந்தது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட். அதன் தொடக்கம் ஒரு குதிரைப் பண்ணை. பூனாவாலா குடும்பத்தார் பந்தயக் குதிரை வளர்த்தவர்கள். வயதான குதிரைகளை மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். குதிரைகளின் இரத்தத்திலிருந்து இரணஜன்னிக்கு முறிவு மருந்து எடுப்பார்கள். குதிரை நம்முடையது, மருந்தையும் நாமே செய்தால் என்ன என்று சைரஸ் பூனாவாலா 1966இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 2000களின் தொடக்கத்தில் அது தட்டம்மை, முத்தடுப்பு ஊசிகளை உலகத்தின் ஏழை நாடுகளுக்கெல்லாம் மலிவாக அனுப்பிக்கொண்டிருந்தது. இணைப்புத் தடுப்பூசி செய்த அனுபவம் மட்டும் அதற்கு இல்லை.

ஒப்பந்தம் இரு பக்கத்துக்கும் பொருந்துவதாக இருந்தது. திட்டம் தொழில்நுட்பத்தையும் மனிதச் சோதனைக்கான செலவையும் கொண்டுவரும். சீரம் தன் ஆலையையும் உழைப்பையும் போட்டு 50 சென்ட்டுக்குள் மருந்து கொடுக்கும். புனேயின் விஞ்ஞானிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய்ப் பிணைப்பு முறையைக் கைப்படச் செய்து பழகினார்கள். சின்கோவிடமிருந்து உறை தயாரிக்கும் முறையும் புனேவுக்கு வந்தது. பிணைக்கும் புரதமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இரணஜன்னி நச்சின் செயலிழந்த வடிவம். சீரம் நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துவந்த பொருள் அது. குதிரை இரத்தத்தில் இரணஜன்னி மருந்து செய்யத் தொடங்கிய இடத்துக்கு, அதே நோயின் நச்சு இப்போது ஒரு புதிய தொழிலைத் திறந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் கேட்ஸ் அறக்கட்டளையின் பணம் எதை வாங்கியது என்பதைக் கவனியுங்கள். அது மருந்தை மொத்தமாக வாங்கி ஊருக்கு ஊர் விநியோகிக்கவில்லை. மருந்து செய்யும் திறமை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் வழியை வாங்கியது. அதற்குத் தேவைப்பட்ட பத்தாண்டுப் பொறுமையையும் வாங்கியது. பெரிய நிறுவனங்களில் பல பத்துக் கோடி டாலர் பிடிக்கும் தடுப்பூசி உருவாக்கம் இங்கே 10 கோடி டாலருக்குள் முடிந்தது.

நம்பிக்கையைச் சம்பாதித்தல்

2005இல் இந்தியாவில் ஆரோக்கியமான பெரியவர்கள் 74 பேருக்கு முதல் சோதனை நடந்தது. அடுத்த ஆண்டு மாலியின் பமாக்கோவிலும் காம்பியாவின் பாசேயிலும் 12 முதல் 23 மாதக் குழந்தைகள் 601 பேருக்கு நடந்தது. பமாக்கோவில் இந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சாம்பா சோ. பின்னாளில் மாலியின் சுகாதார அமைச்சரானவர்.

ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதிப்பது எளிய பேச்சு அல்ல. பட்டை முழுவதும் ஒரு கசப்பான நினைவு இருந்தது. 1996இல் கொள்ளைநோய் உச்சத்தில் இருந்தபோது நைஜீரியாவின் கானோ நகர மருத்துவமனையில் ஃபைசர் நிறுவனம் ட்ரோவன் என்ற தன் புதிய மருந்தை 100 குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 100 பேருக்கு வழக்கமான மருந்து கொடுக்கப்பட்டது. இது சோதனை என்பதே தங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று குடும்பங்கள் பின்னர் வழக்குப் போட்டன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் 2009இல் கானோ மாநிலத்தோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இடையில் 2003இல் கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தையே பல மாதங்கள் நிறுத்திவைத்தது. வெளியிலிருந்து வரும் மருந்தின்மேல் விழுந்த சந்தேகம் அதற்கு ஒரு காரணம். சந்தேகத்துக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்.

எனவே மாலியிலும் காம்பியாவிலும் சோதனை நடத்தியவர்கள் அவசரப்படவில்லை. அந்த நாடுகளின் நெறிமுறைக் குழுக்கள் முதலில் அனுமதி கொடுத்தன. ஊசி போட்டவர்களும் இரத்தம் எடுத்தவர்களும் அந்த மண்ணின் மருத்துவர்கள், செவிலியர்கள். முடிவுகள் எல்லோருக்கும் நிம்மதி கொடுத்தன. பழைய ஊசியைவிட ஏறக்குறைய 20 மடங்கு எதிர்ப்பாற்றல் குழந்தைகளின் இரத்தத்தில் உருவாகியிருந்தது.

சோதனைகள் ஒருபக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே நோய் இன்னொரு முறை வந்தது. 2009 பருவத்தில் 14 நாடுகளில் 88,199 பேருக்கு நோய் இருப்பதாகப் பதிவானது. 5,352 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் இந்திய அரசு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது. 2010 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி கிடைத்தது. மென்ஆஃப்ரிவாக் என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்காவின் பெயர் அதற்குள் இருக்கிறது. விலை சுமார் 40 சென்ட். அன்றைய மதிப்பில் இருபது ரூபாய்க்கும் குறைவு.

டிசம்பர் 6, 2010

புர்கினா ஃபாசோவின் தலைநகர் ஊகாடூகுவில் அன்று பெரும் விழா. குடியரசுத் தலைவர் பிளேஸ் கம்பவோரே தொடங்கிவைத்தார். வறண்ட பருவத்தின் உச்சம் வருவதற்கு முன்னால், அதுவும் நோய் தலைகாட்டாத நேரத்தில், ஒரு நாடு முழுவதும் ஊசி போடுவது அந்தப் பட்டைக்குப் புதிது. ஏறக்குறைய பத்து நாட்களில் 1 கோடியே 14 லட்சம் பேருக்குப் போட்டு முடித்தார்கள். நாட்டில் பத்துக்கு ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட முற்றத்திலும் சந்தையிலும் மரத்தடியிலும் மேசை போட்டு, அட்டையில் பெயர் எழுதி, ஊசி போட்டு அனுப்பினார்கள். மாலியும் நைஜரும் அதே மாதம் தொடங்கின. கேவி தடுப்பூசிக் கூட்டமைப்பு பெரும்பகுதிச் செலவை ஏற்றது.

பலன் எப்படி இருந்தது என்பதைச் சாட் நாடு தெளிவாகக் காட்டியது. 2011 டிசம்பரில் தலைநகர் இன்ஜமேனாவையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்ந்த 18 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். மற்ற பகுதிகளுக்கு மருந்து அடுத்த ஆண்டுதான் வந்தது. 2012 பருவத்தில் நோய் வந்தபோது ஊசி போட்ட பகுதிகளில் மூளையுறைக் காய்ச்சல் 94 விழுக்காடு குறைவாக இருந்தது. தொண்டையில் ‘ஏ’ வகைக் கிருமியைச் சுமந்தவர்களின் எண்ணிக்கை 98 விழுக்காடு சரிந்தது. பழைய ஊசியின் மூன்றாவது குறை இதோடு தீர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டவர் தன்னைக் காத்துக்கொண்டதோடு, ஊசி போடாத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் காத்தார்.

பனிக்கட்டி இல்லாத நான்கு நாட்கள்

தடுப்பூசி மலிவாகக் கிடைத்தாலும் கடைசிக் கிராமம் வரை அதைக் குளிர்ச்சியாகக் கொண்டுபோவது பெரும்பாடு. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டி, அதில் உறைய வைக்கும் பனிக்கட்டிப் பொதிகள், தினமும் அவற்றை மாற்ற மோட்டார் சைக்கிளில் ஓடும் ஓர் ஆள். பெரும் முகாம் நடக்கும்போது பனிக்கட்டி போதாமல் போகும். ஊழியர் பாதி நாளைப் பனிக்கட்டிக்காகவே அலைவார்.

மென்ஆஃப்ரிவாக் குப்பியில் இருப்பது உலர்ந்த பொடி. ஊசி போடுவதற்கு முன்னால் திரவம் சேர்த்துக் கலக்குவார்கள். இந்தப் பொடி வெப்பத்தை நன்றாகத் தாங்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதனால் 2012இல் இதற்கு ஒரு தனி அனுமதி கிடைத்தது. 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் நான்கு நாட்கள் வரை குளிர்பெட்டி இல்லாமல் வைத்திருக்கலாம். ஆப்பிரிக்காவில் பயன்படும் ஒரு தடுப்பூசிக்கு இப்படியொரு அனுமதி கிடைத்தது அதுவே முதல்முறை.

அந்த ஆண்டு நவம்பரில் பெனின் நாட்டின் வடக்கே பனிகோவாரா மாவட்டத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ஊழியரின் பெட்டியில் பனிக்கட்டி இல்லை. குப்பியின்மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். வெப்பம் படப்பட உள்ளிருக்கும் வெளிர்நிறச் சதுரம் கருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். கூடவே பெட்டிக்குள் ஓர் அட்டை. 40 டிகிரியைத் தாண்டினால் அதன் நிறம் மாறும். குப்பியை வெளியே எடுத்த தேதியைக் குறித்துக்கொள்வார்கள். நான்கு நாட்களுக்குள் தீராததைக் கழித்துவிடுவார்கள். அந்த மாவட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படிப் போட்டார்கள். வீணான குப்பிகள் மிகச் சில. இந்த முறையால் குளிர்பாதுகாப்புக்கான செலவு ஏறக்குறைய பாதியாகும் என்று சாட் நாட்டு முகாமை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள்.

விண்கலம் விடும் தொழில்நுட்பமல்ல இது. நிறம் மாறும் ஓர் ஒட்டுச்சீட்டு, ஓர் அட்டை, ஒரு விதித்தளர்வு. எழுத்து தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளலாம். பனிக்கட்டி தேடி அலைந்த ஊழியருக்கு இன்னும் ஒரு கிராமத்துக்குப் போக நேரம் கிடைத்தது.

பற்றும் வரவும்

2016இலிருந்து கானா, சூடான் போன்ற நாடுகள் இந்த ஊசியைக் குழந்தைகளுக்கான வழக்கமான அட்டவணையில் சேர்த்தன. இதுவரை 24 நாடுகளில் 35 கோடிக்கு மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2017க்குப் பிறகு இந்தப் பட்டையில் ‘ஏ’ வகை நோய் பதிவாகவில்லை. நூறாண்டுகளுக்கு மேல் மக்களை அலைக்கழித்த ஒரு கொள்ளைநோய் ஏழே பருவங்களில் அடங்கிவிட்டது.

இதற்காகக் கேட்ஸ் அறக்கட்டளைக்கு நன்றி சொல்வது நியாயம். அதோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. பிணைப்பு முறை அரசு ஆய்வகத்தில் பிறந்தது. ஒருங்கிணைப்பு உலக சுகாதார நிறுவனத்துடையது. மரத்தடியில் மேசை போட்டவர்கள் அந்தந்த நாட்டு அரசின் ஊழியர்கள். தங்கள் குழந்தைகளின் கையை நீட்டிக் காட்டிய பமாக்கோ, பாசே தாய்மார்களுக்கும் இதில் பங்கு உண்டு. கொடையாளியின் பணம் இவர்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவைத்தது. இவர்களின் இடத்தில் அது உட்கார்ந்துவிடவில்லை. இந்த வேறுபாட்டை மறந்த கொடைகள் கட்டடங்களாகவும் பெயர்ப்பலகைகளாகவும் நின்றுவிட்டதை இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்திருக்கிறோம்.

வேலை முடிந்துவிடவும் இல்லை. ‘ஏ’ வகை ஒழிந்தாலும் ‘சி’, ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’ வகைகள் மிச்சமிருந்தன. 2015இல் நைஜரில் ‘சி’ வகை பரவியது. 2017இல் நைஜீரியாவில் அதே வகை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. உலகத்தின் கவனம் ஒரு வகையோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மரணங்கள் சாட்சி.

ஆனால் இம்முறை உலகம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்கவில்லை. புனேயில் இப்போது இணைப்புத் தடுப்பூசி செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பமாக்கோவிலும் பாசேயிலும் சோதனை நடத்தித் தேர்ந்த குழுக்கள் இருந்தன. பிரிட்டன் அரசின் பணத்தோடு சீரமும் பாத்தும் ‘ஏ’, ‘சி’, ‘டபிள்யூ’, ‘ஒய்’, ‘எக்ஸ்’ ஆகிய ஐந்து வகைகளுக்குமான மென்ஃபைவ் தடுப்பூசியை உருவாக்கின. அதே இரண்டு நாடுகளில் அது சோதிக்கப்பட்டது. 2023 ஜூலையில் முன்தகுதி பெற்றது. 2024 மார்ச்சில் நைஜீரியா அதை முதலில் போடத் தொடங்கியது. நிமோனியாவுக்கு எதிராகச் சீரம் கொண்டுவந்த நிமோசில் என்ற மலிவான இணைப்புத் தடுப்பூசியும் 2019இல் முன்தகுதி பெற்றிருந்தது. 2001இல் கொடுத்த ஒரு கொடை இத்தனை கிளை விட்டிருக்கிறது. மருந்தாக மட்டும் கொடுத்திருந்தால் குப்பிகள் தீர்ந்த நாளில் எல்லாம் முடிந்திருக்கும். செய்முறையைக் கொடுத்ததால் தொடர்கிறது.

ஐந்து வகைக்கான ஊசி அரை டாலருக்குள் அடங்காது. அதன் விலை பல மடங்கு. உதவி நிதிகள் சுருங்கிவரும் இந்த நாட்களில் அதை யார் வாங்கிக் கொடுப்பார்கள் என்ற கேள்வி மறுபடியும் எழுந்திருக்கிறது. அதற்கும் பதில் 2001இல் கண்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. மருந்து வேண்டியவரிடம் முதலில் கேளுங்கள். அவரால் தாங்க முடிந்த விலையை முதல் வரியில் எழுதுங்கள். பிறகு ஆய்வகத்தின் கதவைத் திறங்கள்.

அடுத்த இதழில்: 1971. வங்கதேசப் போருக்குத் தப்பி எல்லை கடந்து வந்தவர்களால் பான்காவ்ன் முகாம்கள் நிரம்பி வழிகின்றன. காலரா பரவுகிறது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. திலீப் மகலனாபிஸ் என்ற இளம் மருத்துவர் சர்க்கரையையும் உப்பையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கத் துணிகிறார்.

(தொடரும்)